துடுப்பு வால் பென்ஸ்: ஆர்.சி. புத்தகத்திலிருந்து முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை

பெங்களூர் அல்சூரில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டில் 19 வருடம் அசையாமல் நின்றிருந்த 1964 மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ் காரை நான் வாங்கியபோது, பார்த்தவர்கள் எல்லோரும் "எஞ்சின் ஓடுதா?" என்றுதான் கேட்டார்கள். வாங்கும் முன் நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். சிவாஜி நகரில் நாற்பது வருடமாக டிங்கர் வேலை பார்க்கும் மேஸ்திரி மட்டும் வண்டியை ஒரு சுற்று வந்துவிட்டு, "தம்பி, இது யார் யார் கையில இருந்துச்சுன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்போ ஸ்பேனரைத் தொடாதீங்க. அதைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க."

அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. வண்டியைச் சரிசெய்ய அதற்கு மேல் மூன்று வருடம். அந்த எட்டு மாதம்தான் மிச்ச வேலையைச் சரியான பாதையில் வைத்தது என்று இன்றும் நம்புகிறேன். எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் பழைய உரிமையாளர்களிடம்தான் பதில் இருந்தது. எனக்குத் தெரிந்த வண்டி இது என்பதால் இதை வைத்தே சொல்கிறேன். முறை மற்ற பழைய கார்களுக்கும் பொருந்தும்.

முதலில் வண்டியைப் படியுங்கள்

பின்னால் இரண்டு துடுப்பு தூக்கி நிற்கும் இந்த வரிசை 1959-ல் வந்தது. கம்பெனிக்குள் இதன் பெயர் டபிள்யூ 111. 220 எஸ் மாடலில் 2,195 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர், 110 குதிரைத்திறன். வேகம் காட்டும் மீட்டர், தெர்மாமீட்டர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இதன் உடல் அமைப்பு. விபத்தில் வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் உட்காரும் நடுக்கூடு நசுங்கக் கூடாது என்பது பெலா பரேனி என்ற பொறியாளரின் யோசனை. அதை வைத்து வடிவமைத்து விற்பனைக்கு வந்த முதல் கார் வரிசை இதுதான். முன் சட்டத்தில் (ஃபிரேம்) துரு இருந்தால் "கனமா ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிச்சுடலாம்" என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். இந்த வண்டியில் அப்படிச் செய்தால் நசுங்க வேண்டிய இடம் நசுங்காது, அடி முழுவதும் உள்ளே இருப்பவர்மேல் இறங்கும். பழைய தகடு எந்தக் கனமோ, புதுத் தகடும் அதே கனம். எந்தக் காராக இருந்தாலும் இப்படி ஒன்றிரண்டு விஷயம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டறைக்குள் விடாதீர்கள்.

எண்களைச் சரிபாருங்கள்

காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு டார்ச், கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும். எஞ்சின் அறையில் ஆணி அடித்த தட்டில் உள்ள சேசிஸ் எண், சட்டத்திலேயே பொறித்த சேசிஸ் எண், எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண், ஆர்.சி.யில் உள்ள எண்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். தட்டை மாற்றுவது சுலபம், சட்டத்தில் பொறித்ததை மாற்றினால் தடயம் தெரியும்.

அந்தக் கால பென்ஸ் எண் நிறையவே பேசும். முதல் ஆறு இலக்கம் மாடல்: 111012 என்றால் 220 எஸ். ஏழாவது இலக்கம் 1 என்றால் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தது, 2 என்றால் வலப்பக்கம். எட்டாவது 0 என்றால் கையால் மாற்றும் கியர், 2 என்றால் ஆட்டோமேட்டிக். என் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம்தான் இருந்தது, எண்ணிலோ அந்த இரண்டு இலக்கமும் 10 என்றன. அதாவது வண்டி வெளிநாட்டுக்காரர் யாருக்காகவோ இடக்கை வண்டியாகப் பிறந்து, இங்கே யாரோ மாற்றியிருக்கிறார்கள். கதையின் முதல் நூல் அங்கே கிடைத்தது.

அடுத்து, மெர்சிடிஸ் பென்ஸின் கிளாசிக் பிரிவிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்து டேட்டா கார்டு கேளுங்கள். வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த எஞ்சின் எண், பெயின்ட் எண், சீட் துணி, கூடுதலாகப் போட்ட சாமான்கள் எல்லாம் அதில் இருக்கும். எனக்கு வந்த கார்டில் பெயின்ட் எண் 050, வெள்ளை. என் ஷெட்டில் நின்றதோ கருப்புக் கார்.

எஞ்சின் எண் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பெட்ரோல் விலை ஏறிய பிறகு நம் ஊரில் எத்தனையோ வெளிநாட்டு கார்களின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார்கள். பென்ஸ் கார்களுக்கு அது இன்னும் வசதி, ஏனென்றால் பென்ஸின் ஓ.எம். 616 டீசல் எஞ்சினை பஜாஜ் டெம்போ இங்கேயே உரிமம் பெற்றுத் தயாரித்தது. நான் முதலில் பார்த்த கார் அப்படிப்பட்டது. எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி அனுமதியில்லாத மாற்றம் அது. விலை பாதிதான் என்றாலும் விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

யார் கையில் இருந்தது

இந்தப் பகுதிக்கு அவசரப்படாதீர்கள். காகிதத்திலிருந்து தொடங்கி மனிதர்களிடம் போக வேண்டும்.

முதல் காகிதம் பழைய ஆர்.சி. புத்தகம். இப்போதைய பிளாஸ்டிக் அட்டையில் கடைசி உரிமையாளர் விவரம்தான் இருக்கும். பழைய புத்தகத்தில் ஒவ்வொரு கைமாற்றமும் தேதி, முத்திரையோடு பதிந்திருக்கும். அது இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பி எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவேட்டு நகல், கேளுங்கள். கணினிக்கு முந்தைய பதிவேடு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போடலாம். நம்பர் பிளேட்டின் எழுத்துகளும் உதவும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகுதான் கே.ஏ., டி.என். என்ற இன்றைய முறை வந்தது. அதற்கு முன் எம்.ஒய். என்று தொடங்கினால் மைசூர் மாநிலம், எம்.டி., எம்.எஸ். என்றால் சென்னை மாகாணம், பி.எம். என்றால் பம்பாய்.

என் வண்டியின் புத்தகம் டெல்லியில் தொடங்கியது. இடக்கை வண்டி, டெல்லி, 1964 என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தூதரக வண்டி என்ற சந்தேகம் வரும். அந்தக் காலத்தில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. தூதரகத்தார் கொண்டுவந்த கார்களில் பல, அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக டெண்டரிலும் ஏலத்திலும்தான் உள்ளூர்க்காரர் கைக்கு வந்தன. பழைய ஆட்கள் இன்றும் "எஸ்.டி.சி. வண்டி" என்று சொன்னால் அதுதான் அர்த்தம். அப்படி வாங்கிய ரசீது ஆர்.சி. புத்தக உறைக்குள்ளேயே மடித்துக் கிடக்க வாய்ப்புண்டு. என்னுடையது அப்படித்தான் கிடைத்தது, பின் அட்டைக்கும் துணி உறைக்கும் நடுவில்.

காகிதம் பெயரைக் கொடுக்கும். காரணத்தை மனிதர்கள்தான் சொல்வார்கள். ஏலத்தில் எடுத்தவர் கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி. அவர் காலமாகிவிட்டார். அவருக்கு ஓட்டிய டிரைவரை அந்த வீட்டார் மூலம் தேடிப் பிடித்தேன், எண்பத்து மூன்று வயது. போட்டோவைக் காட்டியதும் வண்டி நம்பரை அவரே சொன்னார். ஸ்டியரிங்கை 1972-ல் கோவையில் மாற்றியது, வெள்ளையைக் கருப்பாக்கியது, ஊட்டி மலையேறும்போது சூடாகிறது என்று ரேடியேட்டருக்கு ஒரு வரிசை குழாய் கூட்டியது, எல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். "முதலாளிக்கு வெள்ளைன்னா சினிமாக்காரங்க வண்டி மாதிரி இருக்குன்னு சங்கடம்" என்றார். மூன்றாவது உரிமையாளர் பெங்களூர்க் கண்டோன்மென்ட்டில் ஒரு டாக்டர். நான்காவது, எனக்கு விற்ற அவர் மகன்.

இப்படிப் பேசப் போகும்போது மூன்று விஷயம் செய்யுங்கள். அனுமதி கேட்டு குரலைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக் கல்யாண ஆல்பம் கேளுங்கள், பழைய கார்கள் கட்டாயம் அதில் நிற்கும். சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு எழுதுங்கள். வயதானவர்களிடம் "அப்புறம் வருகிறேன்" என்று தள்ளாதீர்கள். அந்த டிரைவரை இரண்டாவது முறை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எவ்வளவு தூரம் போவது என்று முடிவெடுங்கள்

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு ஃபீவா. அதன் டூரின் சாசனம் ஒரு வரிசையைச் சொல்கிறது: முடிந்தவரை அப்படியே காப்பாற்று, முடியாத இடத்தில் பழுதைச் சரிசெய், அதுவும் முடியாவிட்டால்தான் மீட்டமை. வண்டியின் வாழ்க்கையில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாறுதான் என்கிறது அது. நம் ஊரில் பெரும்பாலும் நேரெதிராகச் செய்கிறோம், நன்றாக இருக்கும் சீட்டைக்கூடப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பளபளக்க வைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

என் முடிவுகள் இவை. வலப்பக்க ஸ்டியரிங்கை அப்படியே விட்டேன். ஐம்பது வருடமாக வண்டி அப்படித்தான் இருக்கிறது. ஊட்டி ரேடியேட்டரையும் விட்டேன். நிறத்தில் மட்டும் ரொம்ப நாள் தடுமாறினேன். கருப்பு பெயின்ட் மேலாக அடித்தது, பல இடத்தில் உரிந்து அடியில் துரு கட்டியிருந்தது, எப்படியும் தகடுவரை இறக்க வேண்டும். அதனால் டேட்டா கார்டு சொன்ன வெள்ளைக்குத் திரும்பினேன். டிக்கிக்குள் மூடிக்கு அடியில் ஓர் உள்ளங்கை அளவு கருப்பைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

கழற்றுவது

கழற்றுவதில் காட்டும் பொறுமைதான் மாட்டும்போது திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. நட்டு போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, எந்த இடம் என்று தாளில் எழுதி உள்ளே வையுங்கள், கவர்மேல் எழுதினால் கிரீஸ் பட்டு அழியும். பழைய ரப்பரை எவ்வளவு கிழிந்திருந்தாலும் வீசாதீர்கள், புதியது வாங்க அதுதான் அளவு. ஜே.சி. ரோட்டில் தேடும்போதும் சிவாஜி நகரில் பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடைகளில் கிளறும்போதும் கையில் பழைய பாகம் இல்லாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

உடல் வேலை

துடுப்பு வாலில் துரு தேடும் இடங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், ஜாக்கி மாட்டும் இடம், ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறம், ஸ்டெப்னி உட்காரும் குழி, தரை விரிப்புக்கு அடியில் தார் பூசிய பாய் ஒட்டிய இடம். அந்தப் பாய் மேலே நன்றாக இருப்பதுபோல் தெரியும், அடியில் தண்ணீர் தேங்கித் தகடு பொடியாகியிருக்கும். முழுவதும் உரித்துப் பாருங்கள்.

மணல் அடித்துச் சுத்தம் செய்வது சட்டத்துக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் நல்லது. பானெட், கதவு, கூரை போன்ற அகலமான தகடுகளில் அடித்தால் நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் கை வேலையும்தான்.

ஸ்டியரிங் மாற்றிய வண்டியில், ஸ்டியரிங் பாக்ஸ் சட்டத்தில் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். என் வண்டியில் 1972-ல் வைத்த வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தது. டிரைவர் சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பெயின்டுக்கு அடியில் நாங்கள் தேடியே இருக்க மாட்டோம்.

இந்தக் கார்களில் தகடு சேரும் இடங்களைத் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். இன்று எல்லோரும் பட்டி வைத்து இழைக்கிறார்கள். கதவு ஓரத்தில் வைத்த பட்டி இரண்டு மழைக்காலத்தில் வெடிக்கும். எங்கள் மேஸ்திரியின் அப்பா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர். அந்தக் கை அவருக்கும் வந்திருக்கிறது. தகட்டைச் சூடாக்கி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த குச்சியை உருக்கி, மெழுகு தடவிய மரக்கரண்டியால் தேய்த்து இழுப்பதைப் பார்க்க இரண்டு கண் போதாது. பிறகு அரத்தால் மட்டும் இழையுங்கள், கிரைண்டர் வேண்டாம். ஈயத் தூள் மூச்சில் போனால் உடம்பில் தங்கிவிடும்.

குரோம்

நான் அதிகம் ஏமாந்த இடம் இது. பம்பர் இரும்பு, அதற்கு முலாம் போடப் பலருக்குத் தெரியும்: செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் மிக மெல்லிய குரோம். பளபளப்பும் பாதுகாப்பும் பெரும்பாலும் நிக்கலிலிருந்து வருகின்றன, அதனால் நிக்கல் எவ்வளவு கனம் என்று கேளுங்கள். பின் விளக்குக் கூடு, கைப்பிடி, சின்னங்கள் போன்றவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அமிலச் செம்புத் தொட்டியில் நேராக இறக்கினால் அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிடும். முதலில் சயனைடு செம்பில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தாக வேண்டும். பீன்யாவில் ஒரு பட்டறை இதைச் செய்யாமல் என் இடது பின் விளக்குக் கூட்டை அரித்துத் திருப்பிக் கொடுத்தது. மாற்றுக் கூடு கிடைக்க ஏழு மாதம் ஆனது. முதலில் உடைந்த ஒரு சாமானைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

எஞ்சின், பெட்ரோல், பிரேக்

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கம்ப்ரஷன் பாருங்கள். ரீபோர் (சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைவது) வேண்டுமா, ஸ்லீவ் (துளைக்குள் புதுக் குழாய் போடுவது) வேண்டுமா என்பது அளந்த பிறகுதான் தெரியும். "எதற்கும் போர் பண்ணிடலாம்" என்று சொல்பவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு போரும் அந்த பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. அந்த ஈயம் இல்லாததால் இரும்பு ஹெட் உள்ள பழைய கார்களில் வால்வு சீட் தேயும் பிரச்சினை உண்டு. 220 எஸ் ஹெட் அலுமினியம், அதில் சீட் வளையங்கள் முதலிலிருந்தே தனியாக அழுத்தி வைத்தவை, அதனால் பயம் குறைவு. எத்தனால்தான் இன்றைய தலைவலி. இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பரை ஊதவைக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும், நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் டேங்க்கையும் கார்புரேட்டரையும் அரிக்கும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லா ஓஸ், டயாஃப்ரம், வாஷரையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. 1962-லிருந்து 220 எஸ் முன்சக்கரத்தில் டிஸ்க் வந்தது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஓஸ் அனைத்தும் மாற வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடையுங்கள். முன் சஸ்பென்ஷனில் கிங் பின்னும் கிரீஸ் நிப்பிள்களும் நிறைய. ஒன்றுக்கு கிரீஸ் வைக்காமல் விட்டாலும் அது தேயும்.

வயரிங், சீட், பெயின்ட்

வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழு ஹார்னஸாக (ஒரே வயர்க் கட்டாக), அசல் நிறக் கோடுகளோடு செய்யுங்கள். சீட்டின் மேல் உறையைவிட உள் மெத்தை முக்கியம். அசலில் ரப்பர் பாலில் தோய்த்த நார்ப் பலகை இருக்கும். ரப்பர் கலந்த தென்னை நார் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, ஃபோமைவிட அதுதான் அந்த வண்டி உட்காரும் விதத்தைத் திரும்பத் தரும்.

பெயின்டை மழைக்காலத்தில் அடிக்காதீர்கள். இன்றைய இரண்டு கலவைப் பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிப்பவருக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி கட்டாயம், கைக்குட்டை போதாது. அதை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பதிவு

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத காரை வின்டேஜாகப் பதியலாம். படிவம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியானால் அதற்கான சுங்க ஆவணம் வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு மாநில எழுத்தோடு வி.ஏ. வரிசை. ஆனால் வின்டேஜ் வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான். வாடகைக்கும் விடக்கூடாது. தினமும் ஓட்ட நினைத்தால் படிவம் 25-ல் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணம் சமீப வருடங்களில் பல மடங்கு ஏறிவிட்டது.

கைமாற்றத்துக்கு படிவம் 29, 30. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு படிவம் 31-ல் தன் பெயருக்கு மாற்றிய பிறகே உங்களுக்கு விற்க முடியும். ஆர்.சி. தொலைந்திருந்தால் படிவம் 26. வேறு மாநில வண்டியென்றால் அங்கிருந்து படிவம் 28-ல் தடையின்மைச் சான்று. வாரிசுகள் ஒன்றுக்கு மேல் என்றால் எல்லோர் கையெழுத்தும் வாங்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

மெதுவாக, ஆனால் ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆயில் 20டபிள்யூ-50, வால்வைத் தள்ளும் கேம் தேயாமல் இருக்க துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ளதாகப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலில் காந்தம் விட்டு இரும்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். 1,000-ல் வால்வு இடைவெளி, ஹெட் போல்ட், சக்கர நட்டு, ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் எல்லாம் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

செய்ததையெல்லாம் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதி, எஸ்.டி.சி. ரசீது, டிரைவரின் குரல் பதிவு, டேட்டா கார்டு இருக்கும் அதே கோப்பில் வைத்திருக்கிறேன். கோப்பின் நகல் ஒன்று மேஸ்திரியின் பட்டறையில் இருக்கிறது.